செருப்பைக் கழற்றிட்டு மெஷின் மேல ஏறுங்க

வந்தவருக்கு நல்ல செய்தி சொல்லவே வழியில்லாத தொழில் ஒன்று உண்டென்றால், அது உடம்பில் எத்தனை கிலோ கொழுப்பு இருக்கிறது என்று அளந்து சொல்கிற என் தொழில்தான்.

திருவண்ணாமலை போளூர் ரோட்டில் ஒரு சர்க்கரை வியாதி டாக்டரின் கிளினிக். இரண்டாயிரத்து நான்கு வாக்கில் அங்கே சேர்ந்தேன்; ஐந்து வருஷம் இருந்தேன். மாசத்தில் இரண்டு சனிக்கிழமை சென்னையில் இருந்து ஒரு சர்ஜன் வருவார். எடையைக் குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று யோசிக்கிறவர்கள் அவரைப் பார்க்க வருவார்கள். ஆபரேஷன் என்று முடிவானால் சென்னைக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் அவர்களை நிறுத்தி, அளந்து, ஒரு தாளில் எழுதி டாக்டர் மேஜைக்கு அனுப்புவது என் வேலை. உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு எல்லாம் முடிந்த பிறகு மெஷின். பார்க்க எடை மெஷின் மாதிரிதான் இருக்கும். வெறுங்காலை வைக்க உலோகத் தகடு, கையில் பிடித்துக்கொள்ள இரண்டு பிடி. உடம்புக்குள் துளியூண்டு கரண்ட்டை அனுப்பும். நமக்குத் தெரியவே தெரியாது. இரண்டு நிமிஷத்தில் கொழுப்பு இவ்வளவு, சதை இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு என்று சீட்டு வந்துவிடும்.

எடை மெஷினில் ஏறும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிறவர்கள், நம்பரைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்க்கிறவர்கள், கைக்குட்டையும் சாவிக்கொத்தும் ஒரு கிலோவாவது இருக்கும் என்று நம்பி அவற்றை எடுத்து வெளியே வைக்கிறவர்கள், இவர்கள் எல்லாம் நம்ம ஆளுங்க. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இன்டர்வியூ

அந்த வேலைக்கு மூன்று பேர் போயிருந்தோம். மற்ற இரண்டு பெண்களும் காற்றடித்தால் சாய்ந்துவிடுகிற மாதிரி இருந்தார்கள். எனக்கு அப்போது முப்பத்தொரு வயசு, எண்பத்தாறு கிலோ, உயரமோ ஐந்தடிக்கு ஒரு இஞ்ச் ஜாஸ்தி. லேபில் ரத்தம் எடுத்த அனுபவம் மட்டும்தான் கையில் இருந்தது. மெஷின் அன்றைக்குக் காலையில்தான் வந்து இறங்கியிருந்தது. பிரித்த அட்டைப்பெட்டிகூட மூலையில் கிடந்தது. டாக்டர் என் சர்டிபிகேட்டை மூடி வைத்துவிட்டு, "ஏறுங்கம்மா, இது வேலை செய்யுதான்னு பார்ப்போம்" என்றார்.

ஏறினேன். உடம்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கொழுப்பு என்று சீட்டு வந்தது. அதை அவர் படித்தார், கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார், அந்த இரண்டு பெண்களும் கூரையைப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. இதற்கு மேல் இங்கே என்ன இருக்கிறது என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கதவுவரை போனவளை டாக்டர் கூப்பிட்டு நிறுத்தினார்.

"எங்கம்மா போறீங்க? இந்த ரூம்ல ஒல்லியா ஒரு ஆளை உட்கார வெச்சா வர்றவங்க வாசல்லயே திரும்பிடுவாங்க. நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துடுங்க."

மெட்டி

மெஷினில் ஏறுவதற்கு முன் உடம்பில் இருக்கிற உலோகத்தை எல்லாம் கழற்றிவிட வேண்டும் என்று கம்பெனிக்காரர் சொல்லிக்கொடுத்திருந்தார். வளையல், செயின், தோடு எல்லாம் சரி. தாலிக்குப் பதில் மஞ்சள் கயிறு ஒன்று கட்டிக்கொள்ள நானே வாங்கி வைத்திருந்தேன். தகராறு எல்லாம் மெட்டியில்தான்.

கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்தில் இருந்து அஞ்சலை என்று ஒரு அம்மா வந்தார். நூற்றுப் பன்னிரண்டு கிலோ. சர்க்கரை வேறு, முட்டி வலி வேறு. கல்யாணத்தன்று போட்ட மெட்டி இருபத்திரண்டு வருஷமாக விரலிலேயே இருந்து, அதன் வாய் சதைக்குள் புதைந்துவிட்டிருந்தது. சோப்புத் தண்ணீர் போட்டேன், எண்ணெய் போட்டேன், நூல் சுற்றி இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. கூட வந்த மாமியார், "புருஷன் கல்லுமாதிரி வெளிய உட்கார்ந்துகினு இருக்கறப்ப மெட்டியக் கழட்டுவாங்களாடி? வா, வூட்டுக்குப் போலாம்" என்று பையைத் தூக்கிவிட்டார். அஞ்சலைக்கு அழுகை வந்துவிட்டது. முட்டி வலியில் நடவுக்குக்கூடக் குனிய முடியவில்லை என்று மூன்று மாசம் கெஞ்சித்தான் அவர் இங்கே வந்திருந்தார்.

சத்தம் கேட்டு அவர் வீட்டுக்காரர் கோவிந்தன் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். தோளில் இருந்த துண்டை மடித்துத் தரையில் போட்டு உட்கார்ந்தார். மனைவியின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "ஐயோ, இன்னாங்க இது, விடுங்க" என்று அஞ்சலை காலை இழுத்தார். அவர் விடவில்லை. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரலால், தேங்காய் எண்ணெயைத் தடவித் தடவி, கால் மணி நேரத்தில் இரண்டு கால் மெட்டியையும் எடுத்துவிட்டார். பிறகு தன் அம்மா பக்கம் திரும்பிச் சொன்னார்:

"போட்டவன் நான், கழட்டனதும் நான். அளந்து முடிக்கற வரைக்கும் இங்கயே நிக்கறேன், திரும்பப் போட்டுட்டுத்தான் போவேன். போதுமாம்மா?"

டெய்லரம்மா

ஜமீலா என்று ஒரு டெய்லர். தேரடி வீதிக்குப் பின்னால் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருந்தார். அவர் இடுப்பைச் சுற்றி நான் டேப்பைப் போட்டதுமே முகம் சுளித்தார். "பின்னாடி இறங்கிப் போச்சு பாருங்க. கண்ணாடி முன்னாடி நிக்க வெச்சு எடுங்க. டேப்பை இழுக்காதீங்க, தொட்டுக்கிட்டு இருந்தாப் போதும்." அன்றுவரை நான் எழுதிய இடுப்பளவுகளில் எத்தனை கோணலோ, அண்ணாமலையாருக்கே வெளிச்சம். மறுநாளே சுவரில் ஆள் உயரக் கண்ணாடி மாட்டச் சொன்னேன். இன்றுவரை டேப் பிடிப்பதில் நான் அந்த அம்மாவின் மாணவிதான்.

அவர் சொன்னபடியே மறுபடி எடுத்து, மூச்சை வெளியே விடச் சொல்லி, நம்பரைப் படித்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"நாங்க துணிக்கு அளவெடுத்தா மூச்சு விடறதுக்குன்னு அரை இஞ்ச் ஜாஸ்தி விடுவோம். நீங்க அதையும் சேர்த்துப் புடிச்சிட்டீங்களேம்மா!"

கிரிவலம் போய்விட்டு வந்தவர்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்த பலராமன் சாருக்கு எதையும் முழுசாகச் செய்ய வேண்டும். அளவெடுக்க வெறும் வயிற்றில் வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். வெறும் வயிறு மட்டும் போதாது, கொஞ்சம் கொழுப்பையும் கரைத்துக்கொண்டு போவோம் என்று முடிவு செய்துவிட்டார். விடியற்காலையில் கிளம்பி, பதினான்கு கிலோமீட்டர், மலையை ஒரு சுற்று சுற்றிவிட்டார். சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. நெற்றி நிறைய விபூதியோடு, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்க, நேராக வந்து மெஷினில் ஏறினார். முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை.

போன மாசத்தைவிடக் கொழுப்பு ஜாஸ்தி என்று சீட்டு வந்தது. நான்தான் உட்கார வைத்து, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டு விளக்கினேன். கரண்ட்டு உடம்பில் இருக்கிற தண்ணீர் வழியாகத்தான் ஓடும். தண்ணீர் வற்றிப்போயிருந்தால் அதற்குப் பாதை கிடைக்காது. பாதை கிடைக்காத இடத்தை எல்லாம் கொழுப்பு என்று மெஷின் எழுதிவிடும். இன்றைக்கு நல்லாச் சாப்பிட்டு, நல்லாத் தண்ணீர் குடித்து, ராத்திரி தூங்கி எழுந்து நாளைக்கு வெறும் வயிற்றோடு வாருங்கள், சரியாக வரும் என்றேன். அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"அப்போ இன்னிக்கு நடந்த நடை உங்க மெஷினுக்குத் தெரியல. மலைக்குத் தெரிஞ்சிருக்கும் இல்லையா மேடம்?"

இரண்டு மெஷின்

ஏழுமலை கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கொட்டை மண்டியில் தரகு வேலை பார்த்தவர். வேர்க்கடலையைக் கையில் அள்ளிக் குலுக்கினாலே பருப்பு எவ்வளவு தேறும் என்று சொல்லிவிடுவாராம். நாற்பது வயசு. உள்ளே வரும்போதே சிரித்துக்கொண்டும் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டும் வந்தார். "நாற்காலிய நம்பி உட்காரலாமாம்மா? எங்கிட்ட ஏற்கெனவே நாலு நாற்காலிங்க உயிர வுட்டிருக்கு."

மெஷினில் ஏறினார். நம்பருக்குப் பதில் கோடு கோடாக வந்தது. இறக்கி, மறுபடி ஏற்றினேன். மறுபடியும் கோடு. அந்த மெஷின் நூற்றைம்பது கிலோவுக்கு மேல் தாங்காது. எனக்கு அது தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் தயக்கம். அவருக்கே புரிந்துவிட்டது. சிரிப்பு நின்றது. "பரவால்லம்மா. நான் மண்டிக்கே போயி மூட்டை நிறுக்கற தராசுல நின்னு சீட்டு வாங்கியாந்துடறேன். போன மாசம்கூட ஏத்துனானுங்க. பசங்க கைதட்டனானுங்க" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னார். என் இன்டர்வியூ அன்று காது சுட்டது எனக்கு ஞாபகம் வந்தது.

"அங்கெல்லாம் போக வேணாம், இருங்கண்ணா" என்று சொல்லிவிட்டு டாக்டர் ரூமுக்கு ஓடினேன். அங்கே ஒரு சாதாரண எடை மெஷின், நர்ஸ் ரூமில் இன்னொன்று. இரண்டையும் தூக்கி வந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கதவைச் சாத்தினேன். வலது கால் ஒன்றில், இடது கால் ஒன்றில். எண்பத்து நான்கும் எண்பத்து மூன்றும். இரண்டையும் இடம் மாற்றி வைத்து மறுபடி நிறுத்தினேன், கூட்டினால் அதே நூற்று அறுபத்தேழு. கொழுப்பு அளவு எடுக்க முடியவில்லை என்று தாளில் உள்ளதை உள்ளபடி எழுதி, டேப்பில் எடுத்த அளவுகளை மட்டும் சேர்த்து அனுப்பினேன். அவர் கிளம்பும்போது, "அங்க ஊரே பார்த்துச்சு, இங்க நீ ஒருத்திதான்ம்மா பார்த்த" என்றார்.

சென்னையில் ஆபரேஷன் ஆகி ஐந்து மாசம் கழித்து வந்தார். கழுத்து என்று ஒன்று அவருக்கு இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வழக்கமான மெஷினைக் காட்டி ஏறச் சொன்னேன். பயந்து பயந்து ஒரு காலை வைத்தார், அப்புறம் இன்னொன்றை. நூற்று முப்பத்தொன்று என்று பளிச்சென்று விழுந்தது. இறங்க மனசில்லாமல் அப்படியே நின்றுகொண்டு என்னைக் கேட்டார்:

"இன்னாம்மா, எனக்கு ஒரு மெஷினே போதுமா?"

குருக்களும் மாமியும்

எங்களிடம் மெஷினைத் தவிர ஒரு இடுக்கியும் உண்டு. கையின் பின்பக்கம், முதுகு, வயிறு என்று சில இடங்களில் தோலைக் கிள்ளிப் பிடித்து, அதன் தடிப்பை அந்த இடுக்கியால் அளப்போம். மெஷின் சொன்னதைச் சரிபார்க்க அது உதவும். கோயிலில் பூஜை முறை உள்ள ஒரு குருக்கள் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். நூற்று ஒன்பது கிலோ. தீபாராதனைத் தட்டை உயர்த்தினால் மூச்சு வாங்குகிறது, சன்னதிப் படி ஏறினால் முட்டி கெஞ்சுகிறது என்று வந்திருந்தார். இடுப்பளவுக்கு டேப்பை அவரே வாங்கிச் சுற்றிக்கொண்டார், மெஷினில் நின்றார், எல்லாம் நல்லபடி ஆனது. இடுக்கியைக் கையில் எடுத்ததும் சங்கடமாக நெளிந்தார். "தப்பா நெனைக்கப்படாது. சாயங்காலம் என் முறை. மத்தவா தொட்டா நான் மறுபடி ஸ்நானம் பண்ணணும். இந்தக் காலை வெச்சுண்டு ரெண்டு தரம் முடியறதில்லே" என்றார். அவர் கூச்சத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் எங்கே வரும்? நானும் ஆளைத் தொடாமல் அளக்க வழி தெரியாமல் நின்றேன்.

கூட வந்திருந்த மாமியைக் கூப்பிட்டேன். எப்படிக் கிள்ள வேண்டும், எங்கே இடுக்கியை வைக்க வேண்டும் என்று என் கையிலேயே வைத்துக் காட்டினேன். மாமி கெட்டிக்காரர், இரண்டே தடவையில் பிடித்துக்கொண்டார். நான் இரண்டடி தள்ளி நின்று நம்பர் படித்தேன். மாமி கிள்ளக் கிள்ள குருக்கள் சின்னப் பிள்ளை மாதிரி "மெதுவா, மெதுவா" என்று கத்தினார். வயிறு முடிந்து முதுகுக்கு வந்தபோது மாமி இடுக்கியைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். அழுகிறாரோ என்று நினைத்தேன். இல்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"இருபத்தஞ்சு வருஷமா இவருக்கு இலை போட்டு அள்ளி அள்ளி வெச்சேன். அதெல்லாம் எங்க போய்ச் சேர்ந்துதுன்னு இன்னிக்குத்தான்டியம்மா தெரியறது."

வட்டெறிந்த பெண்

கலைச்செல்வி ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். இருபத்தாறு வயசு. அவளை அழைத்து வந்தது அவள் அம்மா. பேசினது முழுக்க அம்மாதான். மூன்று வரன் தட்டிப்போய்விட்டது, பெண் பெருவெட்டாக இருக்கிறாள் என்கிறார்கள், தையில் இன்னொரு இடம் வருகிறது, அதற்குள் ஆபரேஷன் முடித்துவிட வேண்டும். பெண் ஜன்னல் வழியே பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடை எண்பத்தொன்று. உயரமான பெண். அவளை மெஷினில் இருந்து இறக்கும்போது அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். எடை கம்மியாக இருந்தால் ஆபரேஷன் செய்ய மாட்டார்களாமே, ஒரு பதினைந்து கிலோ சேர்த்து எழுதிவிடும்மா, நீயும் ஒரு பெண்தானே என்றார். அந்த அம்மா கெட்டவர் இல்லை. மூன்று தடவை பலகாரம் செய்து வைத்து, மூன்று தடவையும் "அப்புறம் சொல்லி அனுப்பறோம்" என்று கேட்ட அம்மா. ஆனால் நான் எழுதுகிற நம்பரை நம்பி ஒருத்தர் கத்தியை எடுக்கப் போகிறார். "அது மட்டும் முடியாதும்மா" என்றேன். அவர் என்மேல் கோபப்பட்டுக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தார்.

அப்போதுதான் சீட்டை ஒழுங்காகப் பார்த்தேன். அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிடக் கொழுப்பு கம்மி. உழைத்து இறுகின சதை மட்டும் என் அனுபவத்தில் எந்தப் பெண்ணுக்கும் பார்க்காத அளவு. "என்னம்மா பண்ணே நீ?" என்று கேட்டேன். காலேஜ் முடிகிறவரை வட்டு எறிந்தாளாம். இப்பவும் சாயங்காலம் பிள்ளைகளோடு மைதானத்தில் நிற்கிறாள். சர்ஜன் சீட்டைப் பார்த்துவிட்டு அம்மாவை உள்ளே அழைத்து, இந்தப் பெண்ணுக்கு ஆபரேஷன் தேவையே இல்லை, நான் செய்யவும் மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். கலைச்செல்வி போகும்போது அந்தச் சீட்டை என்னிடம் கேட்டு வாங்கி, நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"இதைக் குறை, அதைக் குறைன்னுதான் இத்தனை நாளா எல்லாரும் சொன்னாங்கக்கா. எங்கிட்ட நல்லது ஒண்ணு இவ்ளோ ஜாஸ்தியா இருக்குன்னு சொன்னது உங்க மெஷின்தான்."

கட்டைவிரல்

தணிகாசலம் கோயில் பக்கத்தில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். ஐம்பத்து நான்கு வயசு, நூற்று இருபத்தொரு கிலோ. சர்ஜனைப் பார்க்க மூன்று வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தோம். அதுவரை சாப்பாட்டைக் குறையுங்கள் என்று டாக்டர் அனுப்பியிருந்தார். மூன்று வாரம் கழித்து வந்தபோது நூற்று முப்பது. கூட வந்த அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "வீட்ல கஞ்சியக் குடிச்சிட்டு, லாட்ஜுல போயி போண்டாவா முழுங்கறாரு. கேட்டா சாமி மேல சத்தியம் பண்றாரு." தணிகாசலத்துக்குப் பேச மூச்சில்லை. மாடிகூட ஏறவில்லை, வாசலில் இருந்து என் ரூமுக்கு வந்ததற்கே அப்படி இரைத்தது.

சீட்டில் கொழுப்பு பழைய அளவிலேயே நின்றிருந்தது. ஏறியது முழுக்கத் தண்ணீர். எத்தனை போண்டா தின்றாலும் மூன்று வாரத்தில் தண்ணீர் இப்படி ஏறாது. அவர் காலைப் பார்த்தேன். சாக்ஸ் கழற்றின இடத்தில் ஆழமாகத் தடம். கணுக்காலுக்கு மேலே எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தேன். குழி அப்படியே நின்றது. ஈர மண்ணில் விரல் வைத்த மாதிரி. "சார், ராத்திரி எப்படித் தூங்கறீங்க?" என்று கேட்டேன். படுத்தால் மூச்சு அடைக்கிறது, பத்து நாளாகச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறேன் என்றார். மனைவிக்குத் தெரிந்தால் பயப்படுவாள் என்று சொல்லவில்லையாம்.

அளந்து எழுதுவதுதான் என் வேலை. அது என்ன வியாதி என்று சொல்கிற படிப்பு எனக்கு இல்லை. போன மாசம்தான் ஒரு பேஷண்ட்டிடம் ஏதோ வாயை விட்டு டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர் உள்ளே வேறு ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பதினைந்து பேர் வரிசையில். தாளை வரிசையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம். ஆனால் அந்தக் குழி என் கண்ணை விட்டுப் போகவில்லை. கதவைத் தட்டினேன். பதில் வருவதற்குள் திறந்தும்விட்டேன். டாக்டர் முறைத்தார். "சார், திட்டணும்னா அப்புறம் திட்டுங்க. இப்ப ஒரு நிமிஷம் வந்து இந்தக் காலைப் பாருங்க" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

வந்தார். காலைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். அப்புறம் என்னைத் திட்டவில்லை. ஆம்புலன்சுக்குப் போன் பண்ணச் சொன்னார். மத்தியானத்துக்குள் தணிகாசலம் வேலூர் போய்ச் சேர்ந்துவிட்டார். இருதயம் ரத்தத்தைச் சரியாக அடித்துத் தள்ளாததால் தண்ணீர் உடம்பிலேயே தேங்கியிருக்கிறது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஆள் தேறியிருக்க மாட்டார் என்று அங்கே சொன்னார்களாம். அன்று சாயங்காலம் டாக்டர் என் ரூமுக்கு வந்து, ஒரு டீ வைத்துவிட்டுப் போனார். அதற்கு முன்பும் பின்பும் அவர் யாருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்து நான் பார்த்ததில்லை.

இரண்டரை மாசம் கழித்துப் புருஷனும் மனைவியுமாக வந்தார்கள். ஆபரேஷன் பேச்சையே விட்டுவிட்டார்கள். மாத்திரை, உப்பில்லாச் சாப்பாடு, சாயங்காலம் மெதுவாக ஒரு நடை. நூற்றுப் பதின்மூன்று கிலோ. காலை அழுத்திப் பார்த்தேன், குழி விழவில்லை. அவர் மனைவி என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அழுவதா சிரிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை.

"தின்னு தின்னு ஊதிட்டாருன்னு ஒரு மாசமா திட்டித் தீர்த்தேம்மா. நீ ஒரு விரலை வெச்ச, எம் புருஷன் போண்டா திங்கலைன்னு தெரிஞ்சுபோச்சு."

ஐந்து வருஷமாக ஆட்களைச் செருப்பில்லாமல், வெறும் வயிற்றோடு, அவர்கள் யாருக்கும் காட்ட விரும்பாத ஒரு நம்பரோடு சேர்த்தே பார்த்திருக்கிறேன், அப்படியும் பசியோடு வந்து நின்ற அத்தனை பேரில் என்மேல் எரிந்து விழுந்தவர்கள் கம்மி, "நீ சாப்ட்டியாம்மா?" என்று கேட்டவர்கள்தான் ஜாஸ்தி.